எடை இறங்கும் நேரம்

காரின் நான்கு கண்ணாடிகளும் ஏற்றியிருந்தன. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் அமலதாஸ், ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டும் மழைக்கோட்டுக்கு மேல் கம்பளியுமாகச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெளியே கிருஷ்ணகிரியின் மே மாதத்து வெயில். கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு வேப்பமரமும் அதற்கடியில் நல்ல நிழலும் இருந்தன. பர்வேஸ் வேண்டுமென்றே அதை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் காரை நிறுத்தியிருந்தான். உள்ளே, நேற்றுவரை மணமேடை இருந்த இடத்துக்கு முன்னால், கம்பிவலைக் கூண்டு கட்டி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் அந்தக் கூண்டில் அமலதாஸுக்கு முதல் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், முட்டியால் இடிக்கலாம், கீழே சாய்த்துக் கழுத்தை நெரிக்கலாம், எம்.எம்.ஏ. என்று அதற்குப் பெயர். அதற்கு முன்னால், இன்னும் கொஞ்ச நேரத்தில், எடை மெஷினில் ஏற வேண்டும். எழுபது கிலோவுக்குள் இருக்க வேண்டும். காலையில் ஓசூரிலிருந்து புறப்படும்போது ஏறிப் பார்த்ததில் ஒரு கிலோ கூட இருந்தது. அந்த ஒரு கிலோவும் வேர்வையாக வெளியே வர வேண்டும். வந்தால் சண்டை. வராவிட்டால் இல்லை. வராவிட்டால் இல்லை என்கிற அந்த இரண்டு சொல்லை விடிந்ததிலிருந்து அவன் வாய்க்குள் புரட்டிக்கொண்டே இருந்தான், எச்சிலை ஊறவைத்துத் துப்பி எடை குறைப்பதற்காகப் பர்வேஸ் கொடுத்திருந்த புளிப்பு மிட்டாயோடு சேர்த்து.

வராவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அதிலுள்ள சுகம். உடம்பு ஒத்துழைக்கவில்லை, முயற்சி பண்ணினான், பாவம், எடை இறங்கவில்லை என்று மற்றவர்களே சொல்லிக்கொள்வார்கள். பர்வேஸ் பாய் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், மூன்றாம் நாள் வாடா என்பார். கம்பெனியில் கேலி செய்வார்கள், அது எப்போதும் செய்வதுதான். பெண்டாட்டி ரோஸி வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், தோசை ஊற்றி வைப்பாள். எல்லாம் சரியாகிவிடும், இந்த வேர்வை மட்டும் நின்றுவிட்டால். ஆனால் அது மூக்கு நுனியிலிருந்தும் தாடையிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது, மழைக்கோட்டுக்குள் முதுகில் ஓடையாக இறங்கி இடுப்பில் தேங்கியது, அசைந்தால் சளக்கென்றது. அவன் உடம்பு அவன் பேச்சைக் கேட்கவில்லை. அல்லது கேட்கத்தான் கேட்கிறதோ. ஏனென்றால் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும், கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினால் போதும், பர்வேஸ் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறான், யாருக்கும் தெரியாது. கை ஒருமுறை ஜிப் வரைக்கும் போயிற்று. கழுத்தடியில் இரண்டு அங்குலம் திறந்தது. உள்ளேயிருந்து வந்த ஆவி முகத்தில் அடித்தது, பழைய துணியை வேகவைத்தது போன்ற வாடை. பிறகு அதே கை ஜிப்பை மறுபடி தாடை வரைக்கும் ஏற்றி மூடியது. ஏன் மூடினோம் என்று யோசித்துப் பார்த்தான். பிடிபடவில்லை. சும்மா, மூடிப் பழகிய கை.

கண்ணாடியில் தட்டும் சத்தம். பர்வேஸ் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். சண்டை விஷயத்தில் இவனுக்கு எல்லாமும் அவன்தான். வாரம் முழுக்க வாடகைக்கார் ஓட்டுகிறவன், ஓசூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அதில் பாய் விரித்து, சாயங்காலங்களில் பையன்களைச் சேர்த்துக்கொண்டு கட்டிப்புரண்டு உருண்டு பயிற்சி கொடுக்கிறவன். இந்தக் காரே அவன் பிழைப்புக்கு வைத்திருப்பது. கதவைக் கொஞ்சம் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

“என்னடா, பிரியாணி தம் ஏறிச்சா?”

“ஏறிக்கிட்டிருக்கு பாய்.”

“மூடியத் தெறந்து தெறந்து பாத்தா தம் போயிரும். அதான் நான் கிட்டயே வரல. துப்புனியா?”

அமலதாஸ் மடியிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஆரஞ்சு நிறத்தில் நுரையாக எச்சில்.

“இவ்ளோதானா? மாமியார் வீட்டுக்குப் போனா சாப்பாட்டப் பாத்து ஊறும்ல, அப்பிடி ஊறணும். எதையாச்சும் நெனச்சுக்க.”

“எத நெனைக்கறது.”

“அதோ போவுது பாரு,” என்று பர்வேஸ் ரோட்டைக் காட்டினான். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற லாரி, மாம்பழம் குவித்துத் தார்ப்பாய் கட்டாமல் போய்க்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாக அந்த வாசனை ஒரு கை மாதிரி உள்ளே வந்து அமலதாஸின் தொண்டையைப் பிடித்தது. “ஜெயிச்சுட்டு வா, ஒரு பெட்டி வாங்கித் தரேன். தோத்தா கொட்டைய சப்பு.” கதவைச் சாத்தப் போனவன் நின்றான். “ஆங், ரோஸி ரெண்டு தடவ ஃபோன் பண்ணிச்சு. உன் ஃபோன் என்கிட்டதான இருக்குது. எடுக்கல. பொண்டாட்டி கொரலு கேட்டா அரைக் கிலோ ஏறிரும். எடை முடியட்டும், நீயே பேசிக்க.”

கதவு மூடிக்கொண்டது. ரோஸி கூப்பிடுகிறாள் என்றால் எதற்கென்று அவனுக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு எலத்தகிரியில் அம்மா வீட்டுக்குப் போனவள் சமாதானம் பேசக் கூப்பிடுகிறவள் அல்ல. கேட்கத்தான் கூப்பிடுகிறாள், பாயிடம் சொல்லிட்டியா என்று. பஸ்ஸில் ஏறும்போது பையைக் கையில் வாங்காமலேயே கேட்டாள், “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” “நானே சொல்லிர்றேன்,” என்றான் இவன். “எப்ப?” “சொல்றேன்னு சொல்றேன்ல.” அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள், துணி துவைத்த பிறகும் கறை போகாத இடத்தைப் பார்ப்பது மாதிரி, அப்புறம் ஏறிவிட்டாள். சொல்லியிருக்கலாம். அடிபட்ட அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் பர்வேஸ் ஏர்போர்ட் சவாரி முடித்து வந்து, நான் இல்லாதப்ப ஒழுங்கா உருண்டீங்களாடா என்று கேட்டபோது சொல்லியிருக்கலாம். உருண்டோம் பாய் என்று எல்லோரும் சொன்னார்கள், இவனும் சொன்னான். அதுவும் பொய்யில்லை. பெங்களூரிலிருந்து அன்று மட்டும் வந்திருந்த ஒரு பையனோடு உருளும்போது, அவன் காலைப் பிடிக்க இவன் குனிந்து பாய்ந்தான், அந்த நேரம் பார்த்து அவன் முட்டியைத் தூக்கினான். பொட்டில் பட்டது. வலித்ததா என்றால் வலிக்கவில்லை, அதுதான் விஷயம். இவன் எழுந்தான், தலையை உதறினான், சிரித்தான், இன்னொரு ரவுண்டு உருண்டான் என்று பையன்கள் பிறகு சொன்னார்கள். இவனுக்குத் தெரிந்தது முட்டி மேலே வந்தது. அடுத்து, கையில் பிய்த்த பரோட்டா. எதிரே சால்னாக் கிண்ணம். பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை. வெளியே அவன் வண்டி ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது, சாவி சட்டைப் பையில் இருந்தது. நடுவில் ஒரு மதியம் முழுசாக இல்லை. யாரோ ஒருவன் அவன் உடம்பை எடுத்துக்கொண்டு போய், வண்டி ஓட்டி, சிக்னலில் நின்று, பரோட்டா ஆர்டர் பண்ணி, அப்புறம் இந்தா என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவன் ஆர்டர் பண்ணியது வீச்சு பரோட்டா. அமலதாஸ் வீச்சு சாப்பிடுவதே இல்லை.

அந்த ஆளை நினைத்துத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் எதிரே நிற்கப்போகும் பூபதியை நினைத்து அல்ல. பூபதி சேலத்துக்காரன், இருபத்திரண்டு வயது, குஸ்தி பிடித்துவிட்டு இதற்கு வந்தவன், இதுதான் அவனுக்கும் முதல் சண்டை. ஃபோனில் அவன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவன் தோள் எந்தப் பக்கம் சாயும், மூச்சு எப்போது வாங்கும் என்பது வரைக்கும் இவனுக்கு மனப்பாடம். பூபதியை எப்படிச் சமாளிப்பது என்று பர்வேஸ் சொல்லித் தந்திருக்கிறான். வீச்சு பரோட்டா சாப்பிடுகிறவனை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு ராத்திரி ரோஸியிடம், நாம இன்னிக்குக் கோயிலுக்குப் போனமா என்று கேட்டான். போனோம், காலைப் பூசைக்கு, நீதான் பாட்டுப் புஸ்தகத்த வெச்சுட்டு வந்துட்ட என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டிருக்கிறான், அதே குரலில், அதே சொல்லில். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். டாக்டரிடம் இழுத்துப் போனதும் அவள்தான். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், ரெண்டு மாசத்துக்குத் தலையில் தூசிகூட விழக் கூடாது என்றார். இவன் விளையாட்டாக, விழுந்தா என்ன சார் ஆகும் என்றான். டாக்டர் ரோஸியைப் பார்த்துச் சொன்னார்: “முதல் அடி உள்ள கதவத் தட்டிட்டுப் போயிருக்கும்மா. ரெண்டாவது அடி தட்டிக்கிட்டு நிக்காது.” அதிலிருந்து இன்றைக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு இந்த மாதிரி விஷயம் தெரியும். அவனுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செக்‌ஷன். உலையிலிருந்து சிவப்பாக வரும் பல்சக்கரங்களை எண்ணெயில் முக்குவார்கள், இரும்பு இறுகும். இறுகும்போது சிலதில் உள்ளே கீறல் விழுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, மற்றதைவிடப் பளபளப்பாகக்கூட இருக்கும். பழைய கை ஆட்கள் கம்பியில் தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். நல்லது கோயில் மணி மாதிரி பேசும். கீறல் விட்டது டொக் என்று வாயை மூடிக்கொள்ளும். அமலதாஸ் தன் நெற்றிப்பொட்டில் விரலை மடக்கித் தட்டினான். ஒரு சத்தமும் இல்லை, மழைக்கோட்டுக் கையின் சரசரப்பு மட்டும்தான். இன்னொரு முறை தட்டினான். செக்‌ஷன் ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். உனக்கெதுக்குடா காரு, உலை வாசல்ல ஒரு ஷிப்டு நில்லு, உடம்பே ஊத்திரும் என்று சொன்னவர்கள். காசு போட்டு ஃப்ளெக்ஸ் அடித்துக் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் கட்டியவர்கள். கல்யாண ஃபோட்டோவிலிருந்து இவன் முகத்தை மட்டும் வெட்டி, சட்டையில்லாத யாரோ ஒருவன் உடம்பில் ஒட்டி, பக்கத்தில் ஒரு சிங்கம் போட்டு, ‘உலையில் பிறந்த சிங்கமே, ஊரே காத்திருக்கு’ என்று எழுதியிருந்தார்கள். கீழே பதினேழு பேர் முகம் வரிசையாக, பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியில். அந்த வழியாகத்தான் தினமும் போக வேண்டியிருந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அதில் இருந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. இருபத்தெட்டு வயதுவரை அமலதாஸுக்கென்று யாரும் எதையும் எங்கேயும் கட்டியதில்லை. ஓடிவிட்டான் என்றால் அந்தப் பதினேழு முகமும் என்ன ஆகும். சிங்கம் என்ன ஆகும். தலையில் அடிபட்டிருக்கு என்று சொன்னால், எப்ப, யாரு, எங்களுக்குத் தெரியாதே, சண்டை கிட்ட வந்ததும்தான் ஞாபகம் வந்துச்சா என்பார்கள். ஞாபகம் வரவில்லை என்பதுதானடா வியாதியே என்று யாரிடம் விளக்குவது.

கெண்டைக்கால் சட்டென்று கல்லாகிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலைத் தன் பக்கம் இழுத்தான். அது விட்டதும் அடுத்த காலில் பிடித்தது. கையை முகத்துக்குக் கொண்டுபோனான், முகம் மொரமொரவென்றிருந்தது. உப்பு. சொட்டிக்கொண்டிருந்த மூக்கு நுனி எப்போதோ காய்ந்திருந்தது, அவன் கவனிக்கவில்லை. நின்றுவிட்டதா. வேண்டிக்கொண்டது நடந்துவிட்டதா. சந்தோஷம் வர வேண்டும் என்று காத்திருந்தான். வந்தது வேறு. இவ்வளவு வெக்கையில் உடம்பு ஏன் குளிர்கிறது, கையில் மயிர் ஏன் குத்திட்டு நிற்கிறது என்று ஒரு சின்னக் கேள்வி வந்தது, அது பெரிதாவதற்குள் மனம் அதைவிட்டு நழுவி, மண்டபத்து வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்குப் போயிற்று. யார் கல்யாணத்துக்கோ கட்டியது, அவிழ்க்கவில்லை, இலை பழுத்துத் தொங்குகிறது. இவன் கல்யாணத்துக்கு வாழை கட்டினார்களா. கட்டினார்கள். எந்த மண்டபம். மண்டபம் இல்லை, பங்குக் கோயில் வளாகத்தில் பந்தல். பந்தலில் என்ன போட்டார்கள். மட்டன். அப்புறம். அப்புறம் என்ன போட்டார்கள். தெரியவில்லை. அதுவும் போய்விட்டதா, அல்லது அது சாதாரணமாக எல்லாருக்கும் மறப்பதுதானா. இதுதான் இந்த ஒரு மாதமாக நடப்பது, எதை மறந்தாலும் நின்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு வருகிற ஒருத்தன், பிசியோ படிக்கிறவன், ஒருநாள் சொன்னான்: உடம்புல தண்ணி வத்துனா மூளையச் சுத்தி இருக்கறதும் வத்தும்ணே, அன்னிக்குச் சாயங்காலமே அடி வாங்குனா கொப்பரைத் தேங்கா மாதிரி ஓட்டுக்குள்ள லொடலொடன்னு ஆடும். பர்வேஸ் உடனே, அப்ப நம்ம அமலாவுக்குக் கவலையில்ல, உள்ள பருப்பே கெடையாது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இவன்தான் அதிகம் சிரித்தான். இப்போது தலையை மெல்ல இடப்பக்கம் சாய்த்தான். வலப்பக்கம் சாய்த்தான். தலைக்குள் ஏதோ ஒரு நொடி தாமதமாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

சொல்லிவிடலாம். கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, பாய், ஒரு விஷயம் என்று ஆரம்பித்துவிட வேண்டும். பாய் ஒரு விஷயம் என்று சொல்லிவிட்டால் மீதி தானாக வரும், இழுத்தால் வரும் கயிறு மாதிரி. பர்வேஸ் திட்டுவான். திட்டிவிட்டுத் தண்ணீர் கொடுப்பான். தண்ணீர் என்று நினைத்ததும் மற்றதெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. ரோஸி, டாக்டர், பதினேழு முகம், வீச்சு பரோட்டாக்காரன், எல்லோரும் சுவரோரமாக நின்றுகொண்டார்கள், நடுவில் தண்ணீர் மட்டும் இருந்தது. ஐஸ் தண்ணீர்கூட அல்ல. கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் டிரம்மில் வெதுவெதுப்பாக இரும்பு வாடையோடு வருமே, அது. பாய் ஒரு விஷயம். நாக்கைத் தூக்கிப் பார்த்தான். அது மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது, பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

கதவு முழுசாகத் திறந்தது. வெயில்கூடக் குளிர்ந்த காற்று மாதிரி மேலே பட்டது. பர்வேஸின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், பெங்களூரிலிருந்து போட்டியை நடத்த வந்திருந்த மேடம், கையைப் புருவத்துக்குக் குடையாக வைத்துக்கொண்டு நின்றாள்.

“டேய், எந்திரி, கம்பளியத் தள்ளு,” என்றான் பர்வேஸ். “பூபதி எழுபத்து மூணு நிக்கறான். முக்கி முக்கிப் பாத்துட்டு, எறக்க முடியாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. நீ இங்க வெந்துக்கிட்டிருக்க, அவன் அங்க இட்லி தின்னுக்கிட்டிருந்திருக்கான்.”

“அவங்க எடை வராததுனால, நீங்க வேணாம்னு சொல்லலாம்,” என்றாள் மேடம். தமிழை யோசித்து யோசித்துப் பேசினாள். “சொன்னா தப்பில்ல. நீங்க எழுபது காட்டிட்டா, ஜெயிச்சதா அறிவிப்போம். இல்ல, எழுபத்து மூணுக்கே ஒத்துக்கறேன்னா சாயங்காலம் சண்டை நடக்கும்.”

“ஒத்துக்குவான் மேடம்.”

“நீங்க சொல்லக் கூடாது. அவர் வாயால சொல்லணும்.”

வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் தப்பில்லை, சொன்னால் ஜெயித்ததாகச் சொல்வார்கள். இத்தனை நாள் சுவரில் கதவு தேடிக்கொண்டிருந்தவனுக்கு, சுவரையே எடுத்துவிட்டார்கள். சிங்கமும் இருக்கும், தலையும் இருக்கும். அமலதாஸுக்கு அது புரிந்தது, தெளிவாகவே புரிந்தது. ஆனால் பர்வேஸின் இடது கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. புதுசு. வெளியே துளி துளியாக வேர்த்திருந்தது, ஒரு துளி இன்னொரு துளியோடு சேர்ந்து சட்டென்று கீழே ஓடியது.

“எழுபது காட்டணும்னா...” என்றான். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

“காட்டணும்னா இப்பிடியே எந்திரிச்சு வந்து ஏறணும்,” என்றான் பர்வேஸ். “இன்னும் கால் கிலோவாச்சும் இருக்கும்டா, ஒரு பத்து நிமிஷம் உள்ள உக்காந்துக்க வேண்டியதுதான். ஏறுற வரைக்கும் சொட்டுத் தண்ணி கெடையாது. எழுபத்து மூணுன்னா நீ எப்பவோ உள்ள, இப்பவே குடிக்கலாம்.” சொல்லிக்கொண்டே, நினைப்பில்லாமல், பாட்டில் மூடியைத் திருகினான். சீல் உடையும் சின்னச் சத்தம் கேட்டது. “உன் இஷ்டம். நான் ஒண்ணும் சொல்லல. மேடம் வேற சொல்லக் கூடாதுன்றாங்க.”

“சரி,” என்றான் அமலதாஸ்.

“சரின்னா? சண்டைக்கு ஓகேவா?” என்றாள் மேடம்.

“ஓகே மேடம்.”

பாட்டில் கைக்கு வந்துவிட்டது. வாய் வைத்ததும் முதல் மடக்கு தொண்டைக்குப் போகவே இல்லை, நாக்கே குடித்துவிட்டது. இரண்டாவது நெஞ்சு வரை போயிற்று, வலித்தது, அந்த வலி நன்றாக இருந்தது. “மெதுவா, மெதுவா,” என்று பர்வேஸ் அவன் முதுகில் கை வைத்தான். மேடம் போகத் திரும்பியவள், ஏதோ விட்டுப்போனது போல நின்றாள்.

“எடை மாறுது, அதனால கேக்கணும். எல்லாரையும் கேக்கறதுதான். இந்த ரெண்டு மாசத்துல தலையில அடி ஏதாவது? மயக்கம், மறதி, அந்த மாதிரி?”

“அதெல்லாம் ஒண்ணும் கெடையாது மேடம்,” என்றான் பர்வேஸ், தனக்குத் தெரிந்தவரைக்கும் உண்மையாக. “என் கண்ணு முன்னாடிதான உருண்டான். கல்லு மாதிரி இருக்கான்.”

மேடம் அமலதாஸைப் பார்த்தாள். அவசரப்படுத்தவில்லை. வாயிலிருந்து பாட்டிலை எடுத்தால் போதும், அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். பாட்டிலுக்கு மேலாக அவளுடைய கண்ணும், பர்வேஸின் சட்டைப் பைக்குள் தன் ஃபோன் வெளிச்சம் போட்டு நடுங்குவதும் அவனுக்குத் தெரிந்தன. பாட்டிலை எடுக்கலாம், இந்த மடக்கு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அது முடிந்தது. அடுத்தது அதற்குள் வாய்க்கு வந்துவிட்டது. மேடம் தலையசைத்துவிட்டு மண்டபத்தைப் பார்த்து நடந்தாள். பாட்டிலில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவன் குடித்துக்கொண்டிருந்தான்.